எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கு

எங்கள் பக்கம் ஒருவர் செத்துப்போனால், வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததாகக் கேட்பது "எப்படி நடந்துச்சு?" என்பதைத்தான். அப்படி வருவதற்குத் துட்டி கேட்பது என்றே பெயர். கேட்டால் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வயதாகிப் போனவர்கள் என்றால் மகளோ மருமகளோ சொல்வார்கள். கஞ்சி குடித்தார், சுவரில் சாய்ந்தார், அவ்வளவுதான் என்பார்கள். என் மச்சான் போனபோது சொல்ல வேண்டியவன் நான். நடந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. வள்ளத்தில் இரண்டே பேர். அவர் தண்ணீருக்கு அடியில் இருந்தார், நான் மேலே இருந்தேன்.

ஒரு வருஷம் சொன்னேன். சொன்னது பொய். யாருக்காகப் பொய் சொன்னாய் என்று கேட்டால் என் அக்காளுக்காக என்பேன். அதில் பாதி உண்மை உண்டு.

மச்சான் என் அக்காளின் கணவர். என் மனைவிக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் எங்களுடையது. திரேஸ்புரத்தில் ஒரே வளவுக்குள் முன்வீட்டில் அவர்கள், பின்வீட்டில் நாங்கள். நடுவில் ஒரு குழாய், ஒரு துவைகல், துணி உலர்த்த ஒரு கொடி. பி.காமில் இரண்டு பேப்பரை மிச்சம் வைத்துக்கொண்டு நான் தெருவை அளந்துகொண்டிருந்த காலத்தில், "மச்சான் தயவிருந்தா மலையேறிப் பொழைக்கலாம்பாங்க. இங்கன ஏதுல மலை? கடலுக்கு வா" என்று வள்ளத்தில் ஏற்றிக்கொண்டவர் அவர்தான். பதினோரு வருஷம் அவர் சங்கு குளித்தார், நான் கயிறு பிடித்தேன்.

கயிறு பிடிப்பது முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வேலை. இப்போது முத்துக் குளிப்பு இல்லை. சங்குதான். காலில் கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்குவதும் எங்களிடம் இல்லை. வள்ளத்தில் ஒரு கம்ப்ரசர் இன்ஜின் ஓடும், அது அனுப்புகிற காற்று நீளமான டியூப் வழியாகக் குளிக்கிறவன் வாய்க்குப் போகும். ஆனாலும் அவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும், அதன் மறுமுனை மேலே ஒருவன் கையில் இருக்கும். அந்த ஒருவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். கூடப்பிறந்த தம்பி கையில் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் வராமல் போனால் தம்பிக்கு வீட்டில் பங்கு கூடும், மைத்துனனுக்கோ அக்காள் தாலி போகும். அதனால் அவன் கண் அசர மாட்டான் என்று எந்தக் காலத்திலோ எவரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். நான் கண் அசரவில்லை.

குளிக்கிறவன் வெறும் வயிற்றோடு இறங்க வேண்டும். விடியக்காலையில் ஒரு கட்டன் காப்பி, அதோடு சரி. கரைக்கு வந்து கால் கழுவும்போது சோறு ஆவி பறக்க இருக்க வேண்டும். ஆறின சோறு என்றால் மச்சான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். ஆகையால் பதினொன்றரை மணிக்கு அக்காள் தினமும் எனக்குப் போன் செய்வாள். "ஏலே, ஒலை வைக்கவா?" என்பாள். எத்தனை மணிக்குக் கரை சேர்வோம் என்று நான் சொல்வேன். அரிசி எப்போது போடுவது என்பதை அவள் அதை வைத்து முடிவு செய்வாள். இடது கையில் கயிறு, வலது கையில் போன். வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், போய் நின்றால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் என்பதால் இன்ஜினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவேன். பதினோரு வருஷத்தில் இதில் ஒரு தப்பு இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

அது தவக்காலம். வழக்கமாக எங்களோடு மூன்றாவது ஆள் ஒருவர் வருவார். இன்ஜினைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அன்று அவர் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். "ரெண்டு பேரு போதும், வா" என்றார் மச்சான். இரண்டு தடவை இறங்கிச் சங்கோடு வந்தார். மூன்றாவது தடவை இறங்கிச் சற்று நேரத்தில் போன் அடித்தது.

இன்ஜின் காற்றை இழுக்கிற குழாயும் புகையைத் துப்புகிற குழாயும் அதே சின்ன வள்ளத்தில்தான் இருக்கும். இழுக்கிற குழாய் காற்று வருகிற பக்கமாக இருக்க வேண்டும், புகை காற்றோடு அப்பால் போக வேண்டும். காற்று திரும்பினால் உடனே குழாயை மாற்றிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கீழே இருப்பவன் புகையைத்தான் மூச்சாக இழுப்பான். அன்று நீரோட்டம் வள்ளத்தை ஒரு பக்கமாகப் பிடித்து வைத்திருந்தது. காற்று மறுபக்கம் திரும்பியது. அக்காள் உலை வைப்பது பற்றிக் கேட்டாள், சொன்னேன். பிறகு பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்றாள், ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகவா, சாயந்திரம் பார்க்கலாமா என்றாள். புகை என் மூக்கில் ஏறியது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, சாயந்திரம் பார்க்கலாம் என்றேன். நாலு நிமிஷம் பேசியிருப்போம்.

போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினேன். புகை நேராக இழுகுழாயின் மேல் விழுந்துகொண்டிருந்தது. கயிற்றைச் சுண்டினேன். நன்றாக இருக்கிறேன் என்றால் அவர் ஒரு தரம் திரும்பச் சுண்ட வேண்டும். சுண்டவில்லை. தூக்கினேன். டியூப் எங்கேயும் தடுக்கவில்லை, கயிறு எங்கேயும் இழுக்கவில்லை. லேசாக வந்தார். வாயில் கடித்திருக்கிற ரப்பர் அப்படியே பல்லுக்கிடையில் இருந்தது. நான் செய்யத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். பக்கத்து வள்ளத்தைக் கத்திக் கூப்பிட்டேன். அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

கரையில் இறக்கியபோது கூட்டத்திலிருந்து ஒருவர், "டியூப்பு பார்ல சிக்கிட்டோ?" என்று கேட்டார். கடலுக்கு அடியில் கிடக்கிற பாறைத் திட்டைப் பார் என்போம். நான் தலையை ஆட்டினேன். நடுக்கத்தில் தலை தானாக ஆடியது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆமாம் என்றுதான் ஆட்டினேன். டியூப் சிக்கினால் யார் மேலும் குற்றமில்லை. கயிறு பிடித்தவன் மேலும் இல்லை, போனில் பேசியவள் மேலும் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் அன்று தானாகவே ஒரு காரணத்தைச் சொல்லித் தன் வாயை மூடிக்கொண்டது, நான் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "புகை உள்ளே போயிருக்கு. மயக்கம் வந்து அப்படியே தூங்கின மாதிரிப் போயிருப்பார். அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார். நல்ல மனுஷர், என் தோளைக்கூடத் தொட்டார். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. வீட்டில் அதைப் படிக்கிறவன் நான் ஒருவன்தான். மடித்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், ஆனாலும் எங்களுக்கும் அது உண்டு. அப்பா இல்லாத வீட்டில் கோடி கொண்டுபோகிறவன் தம்பி. நான் கடைக்குப் போய்ச் சேலை எடுத்து, தட்டில் வைத்து, பத்து அடி தூரத்தில் இருக்கிற முன்வீட்டுக்குத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். அப்படிச் சுற்றித்தான் போக வேண்டும், பின்வாசல் வழியாகப் போகக் கூடாது என்றார்கள். அக்காள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோளில் போர்த்தியபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை.

துட்டி வீட்டில் எட்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. இட்லி வரும், இடியாப்பமும் சொதியும் வரும், மீன் ஆணம் வரும். வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், எல்லாருக்கும் சொன்னேன். முதல் நாள் "டியூப் சிக்கிருச்சு" என்கிற இரண்டு வார்த்தைதான் இருந்தது. மூன்றாம் நாள் எந்தப் பார், எத்தனை பாகம் ஆழம் என்பதெல்லாம் சேர்ந்துவிட்டது. ஏழாம் நாள் பூசைக்குள் டியூப் எப்படி மடங்கியது என்று கையால் காட்டவும் பழகியிருந்தேன். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டிருக்கும் என்று பந்தியில் எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்று சொன்னவர் எங்கள் ஊர்த் துட்டி வீட்டைப் பார்க்காதவர்.

வீட்டோடு முடியவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சி சீனியை நிறுத்துக்கொண்டே, "எப்படிப்பா நடந்துச்சு?" என்றார். அவருக்குச் சீனி பொட்டலம் கட்டி முடிக்கிற நேரத்துக்குள் சொன்னேன். சலூனில் முடி வெட்டுகிறவருக்குக் கொஞ்சம் நீளமாகச் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அடுத்த நிறுத்தம் வருவதற்குள் சொன்னேன். யாராவது பாதியில் குறுக்கிட்டால் எரிச்சல் வரும். அந்த எரிச்சலை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கடலுக்கு நான் திரும்பப் போகவில்லை. முத்தையாபுரம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டில் உட்கார்ந்து எழுதுகிற வேலை கிடைத்தது. லாரி நம்பர், கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். பாதி பி.காமுக்கு அது போதும். புழுதியும் ஹாரன் சத்தமுமாக நாள் போய்விடும். பதினொன்றரை மணி மட்டும் போகாது. சட்டைப் பையில் போன் சும்மா கிடக்கும், எனக்கு இடது கை வியர்க்கும். எத்தனையோ நாள் அந்த நேரத்தில் வந்த லாரிக்குத் தப்பான நம்பரை எழுதி டிரைவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அக்காள் விடியக்காலையில் எழுந்து காப்பி போடுவதை நிறுத்தவில்லை. கடலுக்குப் போகிற நேரத்துக்கே போட்டாள். நான் ஏழு மணிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அதுவரை தம்ளர் பின்வீட்டுப் படியில் ஆறிக் கிடக்கும். நான் எடுத்துக் குடிப்பேன். சங்கை உடைத்த சதையை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்வாள், வாசலில் பூனைக்குப் போட்டுவிடுவாள். அவள் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட டைரியில் அப்பா கையெழுத்துப் போடுகிற இடத்தில் நான் போட வேண்டியிருந்தது. முதல் தடவை பிள்ளை தன் சின்ன விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "இங்கன, மாமா" என்றாள்.

மதியச் சோற்றை அக்காள் ஒன்பது மணிக்கெல்லாம் ஆக்கி இறக்கிவிடுவாள். யாருக்கும் எதற்காகவும் போன் செய்யமாட்டாள். தெருமுனைக் கடையில் நிற்கிற என்னைக் கூப்பிட வேண்டும் என்றால்கூடப் பிள்ளையை ஓடவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் உள்ளுக்குள் பயந்தேன். எதுவும் தெரியாமலே இவள் இப்படிப் போனை வெறுக்கிறாளே, தெரிந்தால் உயிரோடு இருப்பாளா என்று நினைப்பேன். நான் உண்மையைச் சொன்னால் அவள் பேசிய அந்த நாலு நிமிஷம்தான் அவள் புருஷனைக் கொன்றது என்று ஆகிவிடும். அதை அவளுக்குத் தெரியவிடாமல் காப்பது ஒன்றுதான் மச்சானுக்கு நான் செய்கிற கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் குற்றமும் அதே மூடிக்குள் பத்திரமாக இருந்தது என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

என் மனைவியைப் பற்றி நான் அவ்வளவாக யோசிக்கவில்லை. அவள் துட்டி வீட்டில் ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவாள். அண்ணனை நினைத்துத் தாங்கவில்லை, பாவம் என்று விட்டுவிட்டேன். அவள் தூக்கம் கெட்டது. போர்வையைத் தலைவரை மூடிப் படுக்கிறவள், இடுப்புக்கு மேல் எதுவும் படக்கூடாது என்றாள். மழையிலும் ஜன்னலைச் சாத்தவிடவில்லை. குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினால் இரண்டு சொம்புக்கு மேல் முடியாமல் வெளியே வந்து படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். துக்கம் போகப் போகச் சரியாகும் என்று மற்றவர்கள் சொல்வதை நானும் அவளிடம் சொன்னேன்.

வருஷப் பூசைக்கு முந்தின நாள் லீவு போட்டிருந்தேன். காலையில் கல்லறைக்குப் போய்ச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தேன். பெரியதாழையிலிருந்து அத்தை வந்திருந்தார். மச்சானுக்கும் என் மனைவிக்கும் அப்பாவோடு பிறந்தவர். போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்ததால் அடக்கத்துக்கு வர முடியாமல் போயிற்று. வராதவர்கள் எத்தனை காலம் கழித்து வந்தாலும் முதலிலிருந்து அழ வேண்டும், வீட்டில் இருப்பவர்களும் கூட அழ வேண்டும். அத்தை முன்வீட்டு வாசலில் கம்பை வைத்துவிட்டு அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"எய்யா, அந்தப் பாருக்குள்ள சிக்கி, மூச்சு முட்டி, கையக் கால அடிச்சு எப்படித் துடிச்சியோ. மேல வர வழியில்லாம எங்கள எல்லாம் நெனச்சுக் கதறினியோ" என்று ராகம் போட்டு அழுதார்.

குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. வழக்கம்போல எழுந்து போய்விடுவாள் என்று பார்த்தேன். துணியைப் பாதியில் விட முடியாமலோ என்னவோ, அங்கேயே குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அத்தை மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "எப்படி நடந்துச்சு மாப்ளே?" என்றார்.

சொன்னேன். பார், ஆழம், டியூப் மடங்கியது, கையால் காட்டியது எல்லாம் வரிசையாக வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு சொல்கிறோம் என்கிற தடுமாற்றம்கூட இல்லை. அக்காள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் எழுந்து அத்தைக்குக் காப்பி கொடுத்தாள், பிள்ளையைக் கூப்பிட்டு அத்தையைக் கோயிலுக்கு அழைத்துப்போகச் சொன்னாள். அவர்கள் தெருத் திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"டியூப்பு சிக்கலல்லா?" என்றாள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்ல. போனுல கேட்டுச்சு. நீ அணியத்துல நிக்கும்போது இன்ஜின் சத்தம் எட்டத்தான் கேக்கும். எம்புட்டு வருசமாக் கேக்கேன். அன்னைக்குப் பேசிக்கிட்டு இருக்கும்போதே சத்தம் கிட்ட வந்துச்சு, காதுக்குள்ள வந்துச்சு. காத்து திரும்பிட்டுன்னு அப்பமே தெரிஞ்சுச்சு. சொல்லணும்னு வாயெடுத்தேன். நீ பாத்துக்கிடுவன்னு நெனச்சுப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்ல ஆரம்பிச்சிட்டேன்."

"அக்கா" என்றேன்.

"இரு. பேசிக்கிடுதேன். நீ டியூப்பு சிக்கிட்டுன்னு சொல்லும்போதே பொய்னு தெரியும். எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுவன்னு பாத்தேன். கோடி போடும்போது பாத்தேன். முப்பதாம் நாள் பாத்தேன். நீ சொல்லல. அப்ப தப்பு எம்மேலதான்னு நீ நெனைக்க, அக்காவாச்சேன்னு மூடி வைக்கன்னு நெனச்சுக்கிட்டேன். நீ ஒவ்வொருத்தர்ட்டயும் அந்தக் கதையச் சொல்லும்போது என்னயத் திட்டுத மாதிரியே இருக்கும்ல."

அவள் அழவில்லை. கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவள் அந்த மூடிய வாயைப் பார்த்துத் தன்னைக் கொலைகாரி என்று நம்பிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். புகை என் மூக்குக்கு வந்தது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அவள் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் பார்க்க வேண்டியவன் நான் என்பது, டாக்டர் கூப்பிட்டுச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கை அசையவில்லை. பொய்யைச் சொன்னபோது இருந்த வரிசை இதற்கு இல்லை, முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. அக்காள் என் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். அழுகையில் கொஞ்சம் நிம்மதி இருந்தது என்பதை மறைக்கவில்லை.

குழாயை மூடுகிற சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினேன். என் மனைவி ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளை நாங்கள் இரண்டு பேரும் மறந்தே போயிருந்தோம்.

"அப்ப அண்ணன் சிக்கலியா?" என்றாள்.

"இல்ல."

"துடிக்கலியா?"

"இல்ல. தூங்குன மாதிரிப் போயிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. வாயில கடிச்ச ரப்பர்கூட வெலகல. பயப்படக்கூட நேரம் இருந்திருக்காது."

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே."

அவள் துவைகல்லில் உட்கார்ந்தாள். மதினி என்று அக்காளைத்தான் கூப்பிட்டாள், என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"மதினி, சின்னதுல நாங்க கடல்ல முங்கி வெளயாடுவோம்லா. அண்ணன் முங்குவான், நான் கரையில இருந்து எண்ணுவேன். நூத்தி இருபது வரைக்கும் எண்ணிருக்கேன். ஒரு வருசமா கண்ண மூடுனா அண்ணன் அந்தப் பாருக்குள்ள டியூப்பப் புடிச்சு இழுக்கான். நான் எண்ணுதேன். நூறு வரும்போது என்னயக் கூப்பிடுதான். தெனமும் கூப்பிடுதான். இவுக பக்கத்துலதான் படுத்துக் கெடக்காக. அவன் தூங்கிட்டான்னு இவுகளுக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லல மதினி."

அக்காள் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் போகவில்லை. போயிருந்தால் தள்ளியிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அக்காளின் குற்றத்தையும் என் குற்றத்தையும் மறைக்க நான் பொறுக்கி எடுத்த கதை, அவள் அண்ணனை ஒவ்வொரு நாளும் பாறைக்கடியில் மூச்சுத் திணறவைத்தது. அவர் அப்படிச் சாகவில்லை. அவள் மனதில் அவரை அப்படிச் சாகடித்தவன் நான்.

மறுநாள் பூசை நடந்தது. அத்தை ஊருக்குப் போனார். அடுத்த நாள் என் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனாள். அங்கே அக்காளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் படுக்கிறாள். நன்றாகத் தூக்கம் வருகிறது என்று அக்காள் சொன்னாள். போர்வையைத் தலைவரை மூடிக்கொள்கிறாளாம். எனக்குச் சோறு நேரத்துக்கு வருகிறது, சட்டை துவைத்து மடித்து வருகிறது, டிபன் பாத்திரத்தைக் கையில் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தே பேசுகிறாள். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் வைத்து, இன்னும் கோபம் தீரவில்லையா என்று கேட்டேன்.

"கோவம்லாம் இல்லங்க" என்றாள். "உங்க பக்கத்துல படுத்தா அண்ணன் திரும்ப முழிச்சுக்கிடுதான்."